வீட்டில் செய்த டர்ன்டேபிளை அதிராமல் நிறுத்துவது எப்படி

இசைத்தட்டைச் சுழற்றி இசைக்கும் டர்ன்டேபிளின் ஊசிக்கு இசையும் அதிர்வும் ஒன்றுதான். இசைத்தட்டுப் பள்ளத்தின் சுவருக்கும், ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜின் உடலுக்கும் இடையில் எழும் எந்த அசைவையும் அது மின்சமிக்ஞையாக மாற்றிவிடும். அந்த அசைவு பாடகரின் குரலிலிருந்து வந்ததா, அடுப்படியில் ஓடும் கிரைண்டரிலிருந்து வந்ததா என்று பிரித்தறிய அதற்கு வழியில்லை. எல்.பி. இசைத்தட்டின் பள்ளம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அகலமே உடையது. மெல்லிய ஒலிகளுக்காக அதில் வெட்டப்பட்டிருக்கும் நெளிவுகள் ஒரு மைக்ரானுக்கும் குறைவானவை. இத்தகைய நெளிவைப் படிக்க வேண்டிய கருவி நிற்கும் மேசை அதைவிடப் பலமடங்கு அதிர்ந்துகொண்டிருந்தால், விலையுயர்ந்த கார்ட்ரிட்ஜ் வாங்கிப் பொருத்துவதால் பயன் இல்லை.

இதைக் கடினமாக்கும் இன்னொரு காரணமும் உண்டு. இசைத்தட்டை வெட்டும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உயர்ந்த ஒலிகளைக் கூட்டியும் வெட்டுகிறார்கள். இசைக்கும்போது, ஊசியின் சமிக்ஞையை வலுவாக்கும் போனோ பெருக்கி, ஆர்.ஐ.ஏ.ஏ. எனப்படும் அமெரிக்க இசைப்பதிவுத் தொழில் சங்கத்தின் விதிப்படி அதை நேர்மாறாகத் திருத்துகிறது. 1000 ஹெர்ட்ஸோடு ஒப்பிட்டால் 50 ஹெர்ட்ஸ் ஒலி 17 டெசிபல், அதாவது ஏறத்தாழ ஏழு மடங்கு, உயர்த்தப்படுகிறது. 20 ஹெர்ட்ஸில் அது ஒன்பது மடங்கு ஆகிறது. தரையின் அதிர்வும் மோட்டாரின் உறுமலும் பெரும்பாலும் இந்தத் தாழ்ந்த பகுதியில் இருப்பதால், அவையும் அதே உயர்வைப் பெற்றுக்கொண்டு ஒலிபெருக்கியை அடைகின்றன.

தட்டு (இசைத்தட்டைத் தாங்கிச் சுழலும் வட்டு), பேரிங், மோட்டார், பெல்ட், டோன் ஆர்ம் (கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கை) ஆகியவற்றைச் சேர்த்துச் சுழலும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு, அடுத்து அதை எதன்மேல், எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது. வேலைக்கு ஒரு வரிசை உண்டு: கருவிக்குள் இறுக்கம், பிறகு மோட்டாரைப் பிரித்தல், பிறகு இடம், பிறகு அடியில் மென்மை, அதற்குப் பிறகே மட்டம், இறுதியில் சோதனை. புதியவர்கள் பெரும்பாலும் நடுவிலிருந்து, அதாவது ரப்பர் வாங்குவதிலிருந்து, தொடங்குகிறார்கள். கருவிக்குள்ளேயே ஆட்டம் இருந்தால் அடியில் வைக்கும் எந்த ரப்பரும் அதைச் சரிசெய்யாது.

உள்ளே இறுக்கம்

தட்டின் அச்சைத் தாங்கும் பேரிங்கிலிருந்து புறப்பட்டு, அச்சு, தட்டு, இசைத்தட்டு, ஊசி, டோன் ஆர்ம், ஆர்மின் தூண், அதைத் தாங்கும் பலகை என்று வந்து மீண்டும் பேரிங்கை அடையும் வழியை ஒரு தாளில் வரைந்து பாருங்கள். இந்தச் சுற்றில் உள்ள உறுப்புகள் எல்லாம் ஒன்றாக அசைந்தால் ஊசிக்கு அசைவே தெரியாது. அவற்றுள் ஒன்று மட்டும் தனியாக அசைந்தால் அதுவே ஒலியாகக் கேட்கும். ஆகவே ஊசி பள்ளத்தைத் தொடும் ஓர் இடம் நீங்கலாக இந்தச் சுற்றில் வேறெங்கும் நெகிழ்வு இருக்கக்கூடாது. அதிர்வைத் தடுப்பதாக எண்ணி டோன் ஆர்மின் அடியில் ரப்பர் வாசர் போடுவது இதனால்தான் தவறு. அது ஆர்மைத் தட்டிலிருந்து பிரித்துத் தனியே அசைய விடுகிறது.

பேரிங்கும் ஆர்மின் தூணும் ஒரே பலகையில் இறங்க வேண்டும். பலகைக்கு 18 மி.மீ. பிளைவுட்டை மூன்று அடுக்காக ஒட்டுவது எளிய வழி. இந்தியத் தர எண்ணான ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் மழைக்காலத்து ஈரத்திலும் வளையாது. மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை அறுக்க எளிது, வெட்டுமுகம் சீராக வரும் என்றாலும், ஓரங்களில் ஈரம் ஏறினால் உப்பிவிடும் என்பதால் எல்லாப் பக்கமும் வார்னிஷ் பூசாமல் அதைப் பயன்படுத்த வேண்டாம். மேல் இரண்டு அடுக்குகளைப் பசை தடவி, முழுப் பரப்பிலும் கனம் ஏற்றி, இரவு முழுவதும் விட்டு ஒட்டுங்கள். மூன்றாவது அடுக்கை மட்டும் நடுவில் மெல்லிய தார்த்தாள் அல்லது கார்க் தாள் வைத்து ஒட்டினால், பலகை வளைய முற்படும்போது அந்த நடுத்தாள் தேய்ந்து நெளிந்து அதிர்வின் ஆற்றலை வெப்பமாக்கிவிடும். பேரிங்கையும் ஆர்மையும் தாங்குவது மேலுள்ள 36 மி.மீ. கட்டிப் பகுதியே, அவற்றின் போல்ட்டுகள் நடுத்தாளைக் கடந்து கீழ் அடுக்கையும் சேர்த்து இறுக்கக்கூடாது. கீழ் அடுக்கில் அந்த இடங்களில் பெரிய துளை விட்டுவிடுங்கள்.

மர ஆணித் திருகுகள் நாளடைவில் தளரும். பேரிங்குக்கும் ஆர்முக்கும் பலகையை ஊடுருவும் போல்ட், அடியில் அகன்ற வாசர், அதன்மேல் நட் என்பதே சரி. இறுக்கிய பிறகு அச்சின் மையத்துக்கும் ஆர்மின் தூணின் மையத்துக்கும் இடையேயுள்ள தூரத்தை மறுபடி அளந்து பாருங்கள். ரீகா ஆர்ம்களுக்கு அது 222 மி.மீ., டெக்னிக்ஸ் எஸ்.எல்.1200-இன் ஆர்முக்கு 215 மி.மீ.; உங்கள் ஆர்ம் எதுவோ அதற்குரிய அளவில் அரை மில்லிமீட்டருக்குமேல் விலகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, தட்டின் இரு எதிர் ஓரங்களையும் விரல் நுனிகளால் பிடித்து, ஒன்றை மெல்ல அழுத்தி மற்றதைத் தூக்கி, மாறி மாறிச் செய்து பாருங்கள். கைக்குச் சிறிதளவு ஆட்டம் தட்டுப்பட்டாலும் அச்சுக்கும், அது சுழலும் குழலான புஷ்ஷுக்கும் இடையில் இடைவெளி அதிகம் என்று பொருள். அதை லேத் பட்டறையில் புதுப் புஷ் கடைந்து சரிசெய்த பிறகே மேலே செல்லுங்கள்.

பலகையை விரல்முட்டியால் தட்டினால் குறுகிய, மழுங்கிய ஓசை வந்து உடனே அடங்க வேண்டும். நீண்டு ஒலித்தால் அந்த ஒலி இசையோடும் சேர்ந்து ஒலிக்கும். கிரானைட்டும் கடப்பாக் கல்லும் கனமானவை என்பதால் பலரும் அவற்றிலேயே முழுப் பலகையையும் செய்ய விரும்புகிறார்கள். ஆனால் கல்லைத் தட்டிப் பார்த்தால் அது மணிபோல் ஒலிப்பதைக் கேட்கலாம். அதில் துளையிட வைர முனைத் துளைப்பான் வேண்டும், ஒருமுறை இடம் தவறினால் பலகையே வீண். கல்லுக்கு இந்த வேலையில் வேறொரு நல்ல இடம் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

மோட்டாரைப் பிரித்தல்

50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடும் 24 துருவ ஒத்தியங்கு (சின்க்ரனஸ்) மோட்டார் நிமிடத்துக்கு 250 சுற்று சுற்றும். அதோடு வினாடிக்கு 100 முறை, அதாவது மின்சாரத்தின் அலைவெண்ணைப்போல் இருமடங்கு வேகத்தில், அதிரவும் செய்யும். டி.சி. மோட்டார்கள் ஓசை குறைந்தவை என்றாலும் அவையும் அதிராமல் இல்லை. மோட்டாரை முதன்மைப் பலகையில் நேராகத் திருகினால் அந்த அதிர்வு மேலே விவரித்த சுற்றுக்குள் நுழைந்துவிடும். பலகையில் மோட்டாரைவிட இரண்டு சென்டிமீட்டர் அகலமான துளை வெட்டி, மோட்டாரைத் தனியான கனத்த பெட்டியில், ஒரு துண்டு இரும்புக் குழாயே போதும், பொருத்தி அந்தத் துளைக்குள் பலகையைத் தொடாமல் நிற்க வைப்பதே புதியவர்களுக்கு ஏற்ற வழி. ஒன்றரைக் கிலோ எடை இருந்தால் பெல்ட்டின் இழுப்புக்கு அது நகராது.

இங்கே ஒரு பொறி உண்டு. முதன்மைப் பலகையை மென்மையான கால்களில் நிறுத்திவிட்டு மோட்டாரை அசையாத மேசையில் வைத்தால், பலகை ஆடும்போதெல்லாம் இரண்டுக்கும் இடையிலான தூரம் மாறும், பெல்ட் நீண்டு சுருங்கும், சுருதி நெளியும். 1961-இல் அமெரிக்காவின் அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்துக்காக எட்கர் வில்ச்சர் வடிவமைத்த டர்ன்டேபிள் இந்தச் சிக்கலைத் திறமையாகக் கையாண்டது. தட்டையும் ஆர்மையும் ஒரே சட்டத்தில் பூட்டி, அந்தச் சட்டத்தை மூன்று சுருள்வில்களில் தொங்கவிட்டு, மோட்டாரை வெளிப்பலகையில் நிறுத்தினார். தாரன்ஸ் டி.டி.150, லின் சோன்டெக் எல்.பி.12 ஆகிய டர்ன்டேபிள்கள் பின்பற்றியதும் அந்த வழியைத்தான். அந்த அமைப்பு அழகானது என்பதில் ஐயமில்லை. ஆனால் மூன்று வில்களும் ஒரே அளவு அமிழ வேண்டும், பெல்ட்டின் இழுப்பு சட்டத்தைத் திருப்பாமல் இருக்க வேண்டும், சட்டம் மேலும் கீழும் மட்டுமே ஆட வேண்டும். இவை மூன்றையும் முதல் முயற்சியில் சேர்த்து அடைவது கடினம். இங்கிலாந்தின் ரீகா நிறுவனம் இதற்கு நேரெதிராக, வில்களே இல்லாமல் இலேசான, விறைப்பான பலகையை ரப்பர் கால்களில் நிறுத்தியே புகழ்பெற்றது. எனவே வில்லில் தொங்கும் சட்டம்தான் ஒரே வழி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை.

நான் பரிந்துரைப்பது இரண்டுக்கும் இடைப்பட்ட வழி. டர்ன்டேபிளின் பலகையையும் மோட்டார்ப் பெட்டியையும் ஒரே கல்லின்மேல் வையுங்கள். மென்மையான தாங்கிகளை அந்தக் கல்லின் அடியில் வையுங்கள். கல் ஆடும்போது இரண்டும் சேர்ந்தே ஆடும், பெல்ட் மாறாது. மோட்டார்ப் பெட்டிக்கும் கல்லுக்கும் இடையில் மட்டும் 2 அல்லது 3 மி.மீ. ரப்பர் தாள் ஒன்று போடுங்கள். தடிமனான பஞ்சு வேண்டாம், அது பெட்டியைச் சாயவிடும். 50 செ.மீ. நீளமும் 40 செ.மீ. அகலமும் 2 செ.மீ. தடிமனும் உள்ள கிரானைட் ஏறத்தாழ 10.8 கிலோ இருக்கும். சமையலறை மேடைக்குக் கல் பதிப்பவர்களிடம் வெட்டி மீந்த துண்டுகள் மலிவாகவே கிடைக்கும். கல்லில் துளை வேண்டியதில்லை. அதன் அடிப்பரப்பில் தார்த்தாளோ பழைய சைக்கிள் டியூப்பை வெட்டிய துண்டுகளோ ஒட்டிவிட்டால் அதன் மணியோசை பெரிதும் அடங்கும்.

எங்கே வைப்பது

மரத் தரை கொண்ட மேலை நாட்டு வீடுகளுக்காக எழுதப்பட்ட அறிவுரைகளை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நடக்கும்போது வினாடிக்கு ஏறத்தாழ இரண்டு அடி வைக்கிறோம். மரத் தரை அந்த 2 ஹெர்ட்ஸ் வேகத்திலேயே ஊஞ்சலாடி டர்ன்டேபிளையும் ஆட்டும். அங்கே சுவரில் அலமாரி பொருத்துவது ஏறக்குறையக் கட்டாயம். நம் ஊர்களில் உள்ள கான்கிரீட் தளம், அதன்மேல் மொசைக்கோ ஓடோ பதித்த தரை, நடைக்கு அவ்வளவு அசைவதில்லை. ஆகவே கனமான, குட்டையான, ஆடாத மேசை ஒன்றே பெரும்பாலான வீடுகளில் போதும். மேசையின் நான்கு கால்களும் தரையில் படிகின்றனவா என்பதை மூலைகளை அழுத்திப் பார்த்துவிட்டு, படியாத காலின் அடியில் உலோகத் தகடு கொடுங்கள். மடித்த காகிதம் நாளடைவில் நசுங்கிவிடும். மேசை பக்கவாட்டில் ஆடினால் பின்புறம் குறுக்குச் சட்டம் ஒன்றை மூலைக்கு மூலை அடிப்பது எந்த விலையுயர்ந்த காலையும்விட நல்ல மாற்றத்தைத் தரும்.

சொந்த வீடாக இருந்து சுவரில் பொருத்த விரும்பினால், 9 அங்குலச் செங்கற்சுவரைத் தேர்ந்தெடுங்கள். நான்கரை அங்குலத் தடுப்புச்சுவர் கதவு சாத்தும்போதெல்லாம் அதிரும். இரும்பு ஆங்கிளை முக்கோணமாக வெல்டு செய்த இரண்டு பிராக்கெட்டுகளை ஆங்கர் போல்ட்டால் இறுக்கி, அவற்றின்மேல் கல்லை வைக்கலாம். பூச்சை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கும் பிளாஸ்டிக் பிளக்குகளை இருபது கிலோவுக்கு நம்பக்கூடாது. மிக்ஸியும் கிரைண்டரும் ஓடும் சமையலறை மேடை அந்தச் சுவரின் மறுபக்கத்தில் பதிக்கப்பட்டிருந்தால் வேறு சுவரைப் பாருங்கள்.

ஒலிபெருக்கிகளை டர்ன்டேபிள் இருக்கும் அதே மேசையில் வைக்காதீர்கள். அறையின் மூலையிலும் டர்ன்டேபிளை வைக்காதீர்கள். தாழ்ந்த ஒலிகளின் அழுத்தம் மூலைகளில்தான் மிக அதிகம் என்பதால், தரை வழியாக வராத அதிர்வும் காற்று வழியாக வந்து தட்டையும் மூடியையும் அசைக்கும். மின்விசிறிக்கு நேர் கீழும் வேண்டாம். இலேசான ஆர்மைக் காற்று தள்ளும் என்பதோடு, தூசியையும் அது பள்ளத்தில் கொண்டுவந்து கொட்டும்.

அடியில் மென்மை

தாங்கியின் வேலை விளங்க ஒரே ஒரு கணக்குப் போதும். ஒரு வில்லின்மேல் பளு ஏற்றும்போது அது எத்தனை சென்டிமீட்டர் அமிழ்கிறதோ, அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் 5-ஐ வகுத்தால், அந்த அமைப்பு தானாக ஆடும் வேகம் ஹெர்ட்ஸில் கிடைக்கும். 1 செ.மீ. அமிழ்ந்தால் 5 ஹெர்ட்ஸ், 1.6 செ.மீ. அமிழ்ந்தால் 4 ஹெர்ட்ஸ், 2.8 செ.மீ. அமிழ்ந்தால் 3 ஹெர்ட்ஸ். இந்த இயல்பு வேகத்தைப்போல் 1.4 மடங்குக்கு மேற்பட்ட அதிர்வுகளையே தாங்கி குறைக்கும். 4 ஹெர்ட்ஸ் வில், 12 ஹெர்ட்ஸ் அதிர்வை எட்டில் ஒரு பங்காகவும், 25 ஹெர்ட்ஸ் அதிர்வை ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்காகவும் ஆக்கிவிடும். ஆனால் 4 ஹெர்ட்ஸிலேயே வரும் அதிர்வைக் குறைப்பதற்குப் பதிலாகப் பெருக்கும். ஒரு மில்லிமீட்டரும் அமிழாத கெட்டி ரப்பர் பொத்தான்களும், கூரான உலோக முனைகளும் தாழ்ந்த அதிர்வுகளை ஏன் தடுப்பதில்லை என்பது இந்தக் கணக்கிலேயே விளங்கும். கூர்முனைகள் மேசை வழுக்காமல் நிற்க உதவும். அதற்குமேல் அவற்றிடம் எதிர்பார்க்க ஒன்றுமில்லை.

எத்தனை ஹெர்ட்ஸ் வேண்டும் என்பதைக் கீழும் மேலும் உள்ள இரண்டு எல்லைகள் தீர்மானிக்கின்றன. நிமிடத்துக்கு 33⅓ சுற்றில் இசைத்தட்டு 1.8 வினாடிக்கு ஒருமுறை சுற்றுகிறது. அது சற்று வளைந்திருந்தால் வினாடிக்கு அரை, ஒன்று, இரண்டு என்ற கணக்கில் ஆர்மை ஏற்றி இறக்கும். மறுபுறம், ஆர்மும் ஊசியின் நெகிழ்வும் சேர்ந்து ஓர் இயல்பு வேகம் கொண்டவை. அது 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் இருப்பதே விரும்பத்தக்கது. ஆர்மின் செயல்நிறையையும் (எஃபெக்டிவ் மாஸ்) கார்ட்ரிட்ஜ், திருகுகள் ஆகியவற்றின் எடையையும் கிராமில் கூட்டி, ஊசியின் நெகிழ்வெண்ணால் (காம்ப்ளையன்ஸ்) பெருக்கி, அதன் வர்க்கமூலத்தால் 159-ஐ வகுத்தால் அது தெரியும். மொத்தம் 18 கிராமும் நெகிழ்வெண் 15-ம் என்றால் 9.7 ஹெர்ட்ஸ் வரும். கனமான மரத்தில் ஆர்மையும் நீங்களே செய்திருந்து மொத்தம் 31 கிராம் ஆனால் 7.4 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். அப்போது ஆர்மை இழைத்து எடையைக் குறையுங்கள், அல்லது நெகிழ்வு குறைந்த கார்ட்ரிட்ஜைத் தேடுங்கள். தாங்கி இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில், 3 முதல் 5 ஹெர்ட்ஸுக்குள், நின்றால் ஒன்றையொன்று கிளறாது.

இனிப் பொருள். கல், பலகை, தட்டு, மோட்டார் எல்லாம் சேர்ந்து 20 கிலோ என்று கொள்வோம். நான்கு தாங்கிகள் என்றால் ஒவ்வொன்றுக்கும் 5 கிலோ. 4 ஹெர்ட்ஸ் பெற அந்த 5 கிலோவுக்கு வில் 16 மி.மீ. அமிழ வேண்டும், அதாவது கிலோவுக்கு 3 மி.மீ.க்குச் சற்றுக் கூடுதல். கடையில் வாங்கும் வில்லின்மேல் ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டியை நிறுத்தி, முன்னும் பின்னும் உயரத்தை அளந்தால் உடனே தெரிந்துவிடும். அகலத்தைவிட உயரம் கூடிய வில் பக்கவாட்டில் மடங்கும் என்பதால் குட்டையான, பருமனான வில்லையே தேர்ந்தெடுங்கள். வில்லுக்குத் தானாக அடங்கும் குணம் கிடையாது. தட்டிவிட்டால் நெடுநேரம் ஆடும். அதன் உள்ளே மென்மையான ஃபோம் துண்டு ஒன்றை இலேசாகச் செருகினால் இரண்டு மூன்று ஆட்டத்தில் நின்றுவிடும். அடைத்துச் செருகினால் வில்லே வேலை செய்யாது.

வில்லைவிட எளிது ஸ்குவாஷ் பந்து. 40 மி.மீ. விட்டமுள்ள அந்தப் பந்து ரப்பராலானது, தானாகவே ஆட்டத்தை அடக்கும், பக்கவாட்டிலும் ஓரளவு நிலையாக நிற்கும். உருளாமல் இருக்க ஒவ்வொன்றையும் ஒரு புட்டி மூடியிலோ பி.வி.சி. குழாயிலிருந்து அறுத்த வளையத்திலோ உட்கார வையுங்கள். பளு ஏறியதும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் நசுங்கினால் பந்துகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். நசுங்கியதே தெரியவில்லை என்றால் குறையுங்கள். ரப்பர் அதிர்வின்போது நிலையாக அழுத்தும்போதைவிட விறைப்பாக நடந்துகொள்வதால், மேற்சொன்ன கணக்கு காட்டுவதைவிட உண்மையான வேகம் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். டென்னிஸ் பந்துகளையும் சிலர் வைப்பார்கள். உயரம் அதிகமாகிக் கல் தள்ளாடும் என்பதால் எனக்கு அவற்றில் நாட்டமில்லை. அதிர்வை உறிஞ்சும் மென்மையான சோர்போதேன் நல்ல பொருள், ஆனால் அதற்குரிய பளு வரம்பில் வைத்தால் மட்டுமே வேலை செய்யும். தவறான அளவில் வாங்கினால் அது வெறும் விலை கூடிய ரப்பர்தான்.

தாங்கிகளைக் கல்லின் மூலைகளுக்கு அருகே வைத்து, எல்லாவற்றையும் மேலே ஏற்றிய பின், நான்கு மூலைகளிலும் கல்லுக்கும் மேசைக்கும் இடையேயுள்ள உயரத்தை அளவுகோலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மோட்டார் உள்ள பக்கமோ தட்டு உள்ள பக்கமோ தாழ்ந்திருக்கும். தாழ்ந்த பக்கத்தின் அடியில் தகடு வைத்து உயர்த்திவிட்டால் மட்டம் வரும், ஆனால் அந்தத் தாங்கி மற்றவற்றைவிட அதிகப் பளுவைச் சுமந்துகொண்டுதான் இருக்கும். தட்டினால் கல் நேராக மேலும் கீழும் ஆடாமல் கோணலாகப் புரளும். சரியான வழி, கல்லின்மேல் உள்ள டர்ன்டேபிளைத் தாழ்ந்த பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கத்துக்குச் சிறிது சிறிதாக நகர்த்துவது. இடம் போதாவிட்டால் தாங்கிகளைக் கனமுள்ள பக்கத்தை நோக்கி நகர்த்துவது. நான்கு உயரமும் ஒன்றானால் நான்கின் பளுவும் ஒன்று.

மட்டம்

கல்லின்மேல் நிற்கும் டர்ன்டேபிளுக்குக் கால்கள் மூன்றே போதும். முக்காலி எந்தத் தளத்திலும் ஆடாது. நான்கு கெட்டிக் கால்களில் ஒன்று எப்போதும் அந்தரத்தில் நிற்கும். பேரிங்குக்கு அருகில் ஒரு கால், ஆர்முக்கு அருகில் ஒரு கால், மூன்றாவது எதிர்ப்புறத்தில் என்று வைத்து, பலகையின் அடியில் டி-நட் (மரத்தில் பதிக்கும் உலோக நட்) பதித்து, அதில் 6 மி.மீ. விட்டமுள்ள எம்6 போல்ட்டைத் திருகி, மேலே பூட்டு நட் போடுங்கள். எம்6 போல்ட்டின் புரி இடைவெளி 1 மி.மீ.; கால்கள் 40 செ.மீ. இடைவெளியில் இருந்தால், ஒரு முழுச் சுற்று பலகையை 0.14 டிகிரி சாய்க்கும். கால் சுற்று திருகிப் பொறுமையாகப் போனால் வேண்டிய நுட்பம் தானே கிடைக்கும்.

மட்டம் பார்க்க வேண்டியது பலகையை அன்று, தட்டின் அச்சை. கொத்தனார்கள் வைத்திருக்கும் ரசமட்டத்தில் சிறியது ஒன்றைத் தட்டின்மேல், மையத்தின் வழியாகச் செல்லுமாறு வையுங்கள். குமிழி எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்துவிட்டு, ரசமட்டத்தை எடுக்காமல் தட்டை அரைச் சுற்றுத் திருப்புங்கள். குமிழி முன்போலவே அறையின் அதே பக்கம், சன்னல் பக்கம் என்று வைத்துக்கொள்வோம், நின்றால் அச்சு சாய்ந்திருக்கிறது. குமிழி நிற்கும் பக்கத்துக் காலை இறக்க வேண்டும். குமிழி தட்டோடு சேர்ந்து எதிர்ப்பக்கம் போய்விட்டால், கால்களில் தவறில்லை. தட்டு அச்சுக்குச் செங்குத்தாக அமையவில்லை, அல்லது ரசமட்டமே பிழையானது. ரசமட்டத்தை மட்டும் திருப்பி வைத்துப் பார்த்தால் இவ்விரண்டில் எது என்பதும் தெரிந்துவிடும். இதே சோதனையை முதல் திசைக்குக் குறுக்காகவும் செய்யுங்கள். கைப்பேசியில் உள்ள மட்டச் செயலி அவசரத்துக்கு உதவும், ஆனால் கேமரா புடைத்த முதுகோடு அதைத் தட்டில் வைத்துவிட்டுப் பதின்மப் புள்ளியை நம்புவது வேடிக்கை.

மட்டத்தில் எவ்வளவு கண்டிப்பு வேண்டும்? 2 கிராம் அழுத்தத்தில் ஓடும் ஊசியில் ஒரு டிகிரிச் சாய்வு 0.035 கிராம் பக்கவிசையையே தரும். இசைத்தட்டின் இழுப்பால் ஆர்ம் உள்நோக்கித் தள்ளப்படும் விசையோ அழுத்தத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.2 கிராம். ஆகவே சிறு சாய்வால் இசை கெடாது. ஆனால் ஒற்றை முனையில் நிற்கும் ஆர்ம் செய்திருப்பவர்கள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும், அதில் சாய்வு ஊசியின் நிற்கும் கோணத்தையே மாற்றிவிடும். எல்லோருக்கும் பொதுவான காரணம் பேரிங். சாய்ந்த அச்சு புஷ்ஷின் ஒரு பக்கத்தை மட்டும் தேய்த்து, முன்பு சொன்ன ஆட்டத்தைக் கொண்டுவரும்.

சோதனை

முதல் சோதனைக்கு மோட்டாரை நிறுத்திவிட்டு, ஓடாத இசைத்தட்டின்மேல் ஊசியை இறக்குங்கள். தேய்ந்துபோன இசைத்தட்டு ஒன்றைப் பயன்படுத்துவது நல்லது. ஒலியளவைக் குறைவாக வைத்து, மேசையை விரலால் தட்டுங்கள், பிறகு கல்லை, பிறகு பலகையை. மேசையைத் தட்டும்போது ஒலிபெருக்கியில் ஏறக்குறைய ஒன்றும் கேட்கக்கூடாது. கல்லைத் தட்டினால் மெல்லிய, உடனே அடங்கும் ஓசை வரலாம். பலகையைத் தட்டும்போது நீண்டு ஒலிக்குமானால் முதல் பகுதியில் சொன்ன இறுக்கத்துக்குத் திரும்பிப் போங்கள்.

இரண்டாவது, ஊசி அப்படியே இருக்க, ஒலியளவை மெதுவாக உயர்த்துங்கள். கை குமிழிலேயே இருக்கட்டும். வழக்கமாகக் கேட்கும் அளவைத் தாண்டியும் அமைதியாக இருந்தால் நன்று. அதற்கு முன்பே ஊளையோ உறுமலோ தொடங்கி வளர்ந்தால் உடனே குறைத்துவிடுங்கள், தாமதித்தால் ஒலிபெருக்கி கெடும். மூடியைக் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள்; நின்றுவிட்டால் காற்று வழி, நிற்காவிட்டால் பெரும்பாலும் தரை வழி. முன்னதற்கு இடத்தை மாற்றுங்கள், பின்னதற்குத் தாங்கியை மாற்றுங்கள்.

மூன்றாவது மோட்டாருக்கு. மருத்துவர் பயன்படுத்தும் ஸ்டெதாஸ்கோப்பை மோட்டார்ப் பெட்டி, கல், பலகை, ஆர்மின் தூணடி என்று வரிசையாக வைத்துக் கேட்டால் உறுமல் எங்கே நுழைகிறது என்பது காதிலேயே தெரியும். எண்ணாகப் பார்க்க விரும்புவோர் ஜெர்மனியின் ஆஹன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் ஃபைஃபாக்ஸ் செயலியைக் கைப்பேசியில் நிறுவி, கல்லின்மேல் கைப்பேசியைப் படுக்கவைத்து, கல்லை மெல்லத் தட்டி, முடுக்கத்தின் அலைவெண் வரைபடத்தைப் பார்க்கலாம். 3-க்கும் 5 ஹெர்ட்ஸுக்கும் நடுவில் ஒரே முகடு எழுந்தால் தாங்கிகள் சரியாக அமைந்துள்ளன. அருகருகே இரண்டு மூன்று முகடுகள் எழுந்தால் பளு சமமாகப் பிரியவில்லை.

எல்லாம் சரியாக இருந்தும், இசைத்தட்டு ஓடும்போது ஒலிபெருக்கியின் கூம்பு 1.8 வினாடிக்கு ஒருமுறை முன்னும் பின்னும் அலைந்தால், காரணம் தாங்கி அன்று, வளைந்த இசைத்தட்டு. இசைத்தட்டின்மேல் வைக்கும் எடை ஓரளவு உதவும். 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் வடிகட்டி உள்ள போனோ பெருக்கி இன்னும் நன்றாக உதவும். எடை வைத்தால் அதன் கனமும் தாங்கிகளில் ஏறும் என்பதால் மட்டத்தை மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

ரப்பர் தாங்கிகள் முதல் சில வாரங்களில் மெல்ல அமிழ்ந்துகொண்டே இருக்கும். அந்தக் காலத்தில் வாரம் ஒருமுறை ரசமட்டம் வைத்துப் பாருங்கள். பிறகு மழைக்காலமும் கோடையும் மாறும்போது பார்த்தால் போதும். பளுவை எடுத்த பிறகும் தட்டையாகவே நிற்கும் பந்தை மாற்றிவிடுங்கள். ஒன்றை மாற்றும்போது நான்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.